உடையா, கருவையா, கருவேலமா? நெல்லைச் சீமை முள்மரங்களை இனம் காணும் வழி

குளத்துக்குள் நிற்கும் ஒரு முள்மரத்தைக் காட்டி "இது என்ன மரம்?" என்று எங்கள் பக்கம் கேட்டால், "உடைமுள்ளு" என்று பதில் வரும். அடுத்த தெருக்காரர் அதே மரத்தைக் "கருவை" என்பார். பஸ்ஸில் அரைமணி நேரம் தள்ளிப் போனால் "வேலிக்கருவை", "சீமை உடை" என்று பெயர் மாறும். பெயர் மாறுவது பெரிய விஷயம் இல்லை. ஒரே பெயரில் ஐந்தாறு வேறு வேறு மரங்கள் நிற்பதுதான் சிக்கல். அவற்றில் ஒன்று கடல் தாண்டி வந்தது. மற்றவை நம் மண்ணிலேயே இருந்தவை. வெட்ட வேண்டியது எது, விட வேண்டியது எது என்று தெரியாமல் அரிவாளைத் தூக்கினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் அந்தக் கடல் தாண்டி வந்த மரத்தை, அதாவது சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது நினைவிருக்கும். அப்போது ஊருக்கு ஊர் ஒரு வேகம். எங்கள் ஊர் இளவட்டங்களும் கைக்காசு போட்டு ஜேசிபி வாடகைக்கு எடுத்தோம். இரண்டு நாளில் குளத்தின் ஒரு மூலை வெட்டவெளியாகிவிட்டது. கரையோரம் தனியாக நின்ற ஒரு பெரிய மரத்தையும் சேர்த்துச் சாய்த்தோம். முள் இருந்தது, சின்னச் சின்ன இலை இருந்தது, அது போதும் என்று நினைத்தோம். சாயங்காலம் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஆச்சி விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "எய்யா, இது கருவேலம்லா. கொக்கு அடையுற மரத்தையா சாச்சுட்டிய? பூவைப் பாக்காண்டாமா?" என்றார். திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த "பூவைப் பாக்காண்டாமா" என்பதுதான் இந்தக் கட்டுரையின் முதல் பாடமும் முக்கால்வாசிப் பாடமும். புதிதாகக் குளம் தூர்வாரும் குழுவில் சேர்ந்தவர்கள், ஊரில் நிலம் வாங்கிச் சுத்தம் செய்ய நினைப்பவர்கள், சென்னையிலிருந்து லீவுக்கு வந்து குழந்தைகளுக்கு மரம் காட்ட ஆசைப்படுபவர்கள் எல்லோருக்கும் இது உதவும்.

ஆட்கள் யார் யார்

இனம் காண்பதற்கு முன் பெயர்களைச் சரி செய்துகொள்வோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் பெயர்கள் இவை.

சீமைக்கருவேலம்: சீமை உடை, வேலிக்கருவை என்பதும் இதுதான். வெளியிலிருந்து வந்தது. மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி இதன் தாயகம். ஜமைக்காவிலிருந்து விதை வாங்கி, 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டக் கமலாபுரத்தில் நட்டதாகப் பதிவு இருக்கிறது. விறகுக்கும் வேலிக்கும் என்று வந்த மரம், பிறகு தானாகவே ஊர் ஊராகப் போய்விட்டது. தாவரவியலில் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா.

கருவேலம்: நம்முடையது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் வரும் வேல் இதுதான்.

உடை: இதுவும் நம்முடையது. குடைவேல் என்றும் சொல்வார்கள். அசல் உடை இதுதான். சீமைக்கருவேலம் வந்து பெயரைப் பிடுங்கிக்கொண்டது.

வெள்வேல்: பட்டை வெளுத்த மரம். இதுவும் நம்முடையது.

வன்னி: கோயில்களில் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேலத்தின் உறவுக்காரன் என்பதால் இதில்தான் அதிகம் ஏமாறுவோம். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

போனில் செடி அடையாளம் சொல்லும் ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கருவேலம், உடை, வெள்வேல் மூன்றையும் பழைய புத்தகங்கள் அக்கேசியா என்ற பேரினத்தில் வைத்திருந்தன. இப்போது வாச்செல்லியா என்று மாற்றிவிட்டார்கள். ஆப்பில் ஒரு பெயரும் புத்தகத்தில் வேறு பெயரும் வந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே மரம்தான்.

போகும்போது கையில் என்ன வேண்டும்

கெட்டியான அடிப்பாகம் உள்ள செருப்பு அல்லது ஷூ. வீட்டில் போடும் ரப்பர் செருப்பைச் சீமைக்கருவேல முள் ஊடுருவிக் காலில் இறங்கிவிடும். சைக்கிள் டயரையே விடாத முள் அது. அப்புறம் ஒரு முள்வாங்கி. அந்தக் காலத்தில் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டே திரிவார்கள், இப்போதும் சந்தைக் கடைகளில் கிடைக்கும். உயரத்தில் இருக்கும் கிளையைத் தாழ்த்திப் பார்க்க ஒரு துரட்டி. போட்டோ எடுப்பதானால் அளவு தெரிய ஒரு ஐந்து ரூபாய் நாணயம். இவ்வளவுதான். அரிவாளை முதல் நாள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தூரத்தில் நின்று ஒரு பார்வை

மரத்துக்குப் பக்கத்தில் ஓடிப் போகாதீர்கள். ஐம்பது அடி தள்ளி நின்று அதன் நிற்கும் தோரணையைப் பாருங்கள்.

சீமைக்கருவேலம் பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக நிற்காது. தரையிலிருந்தே நாலைந்து கம்புகள் கிளம்பி, வளைந்து, மறுபடி தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும். உள்ளே ஆள் நுழைய முடியாது. சின்னக் கிளையைப் பார்த்தால் நேராகப் போகாது, ஒவ்வொரு கணுவிலும் இப்படியும் அப்படியுமாக ஒடிந்து ஒடிந்து போகும்.

கருவேலத்துக்குப் பெரும்பாலும் ஒரு தடித்த அடிமரம் உண்டு. தூர் கறுப்பு. மேலே உருண்டையாகத் தழைத்திருக்கும். அடியில் கட்டில் போட்டுப் படுக்கலாம்.

உடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குடையை விரித்துக் கவிழ்த்த மாதிரி மேல்பக்கம் தட்டையாக இருக்கும். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் தேரி என்னும் செம்மணல் மேட்டில் சாயங்கால வெயிலில் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், ஆப்பிரிக்கப் படத்தில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் காட்டுவார்களே, அந்த மாதிரி இருக்கும். ஆனால் இந்தக் குடைமரம் தென் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் உரியது. நம் ஊரில் இருந்துகொண்டே இதைத் தெரியாமல் இருப்பது கொஞ்சம் வெட்கம்தான்.

வெள்வேலும் மேலே விரிந்துதான் இருக்கும், ஆனால் உடை அளவுக்குத் தட்டை இல்லை. தண்டு வெளுத்திருப்பது தூரத்திலேயே தெரியும்.

இந்த முதல் பார்வையை வைத்து ஒரு யூகம் செய்துகொள்ளுங்கள், முடிவு செய்யாதீர்கள். யாரும் வெட்டாமல் பல ஆண்டு விட்ட சீமைக்கருவேலம் ஒற்றைத் தண்டோடு பெரிய மரமாக நிற்பதுண்டு. ஒருமுறை வெட்டிய கருவேலம் தூரிலிருந்து நாலு கிளை விட்டு, சீமைக்கருவேலம் போலப் புதராக நிற்பதும் உண்டு.

பூ: பூனை வாலா, கம்மலா

இப்போது பக்கத்தில் போகலாம். முதலில் தேட வேண்டியது பூ. பூ கிடைத்துவிட்டால் வேலை பாதிக்கு மேல் முடிந்தது.

ஆச்சி சொன்ன கணக்கு இது: "சீமை உடைக்குப் பூனை வாலு, கருவேலத்துக்குக் கம்மலு." இதைவிடச் சுருக்கமாக எந்தத் தாவரவியல் புத்தகமும் சொல்லி நான் பார்த்ததில்லை. சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குத் திரி போலத் தொங்கும், பச்சை கலந்த மஞ்சள். அந்தத் திரி ஒரே பூ இல்லை, நூற்றுக்கணக்கான பொடிப் பூக்கள் நெருக்கமாக ஒட்டிய கதிர். கருவேலத்தின் பூ உருண்டை. நல்ல தங்க மஞ்சள். சுண்டைக்காய் அளவில் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும், லேசான வாசமும் உண்டு. பொம்பளைப் பிள்ளைகள் காதில் ஒட்டிக் கம்மல் என்று விளையாடுவார்கள்.

ஆக முதல் கேள்வி: திரியா, உருண்டையா? திரி என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேலம் அல்லது வன்னி. உருண்டை என்றால் நம் வேல மரங்களில் ஒன்று, சீமைக்கருவேலமாக இருக்கவே முடியாது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எங்கள் கொக்கு மரம் பிழைத்திருக்கும்.

உருண்டை என்று தெரிந்த பிறகு நிறத்தைப் பாருங்கள். தங்க மஞ்சள் என்றால் கருவேலம். வெள்ளை உருண்டை என்றால் உடை. வெளிறிய மஞ்சளில், மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள் கிளை நுனியில் கொத்துக் கொத்தாகப் பெரிய பூங்கொத்தாக நின்றால் வெள்வேல். வெள்வேல் பூப்பது பெரும்பாலும் ஆடி கழிந்து ஐப்பசி வரைக்கும். அந்த மாதங்களில் மரம் முழுக்க வெளிறிய மஞ்சள் போர்த்தது போல இருக்கும், தவறவே விட மாட்டீர்கள்.

தங்க மஞ்சள் உருண்டை பூத்த ஒன்று ஆள் உயரப் புதராகவே நின்றால், அது கஸ்தூரி வேலாக இருக்கலாம். வாசம் தூக்கும். அப்புறம் விடத்தலை என்று ஒன்று உண்டு. அதற்கும் திரிப்பூதான், ஆனால் ஒரு பாதி ரோஸ், மறு பாதி மஞ்சள், இரண்டு சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி. அதைச் சீமைக்கருவேலம் என்று யாராவது வெட்டினால் அவர் கண்ணாடி மாற்ற வேண்டும்.

காய்: இங்கே கொஞ்சம் நிதானம்

பூ இல்லாத காலத்தில் காய் கைகொடுக்கும். மரத்தில் இல்லாவிட்டாலும் அடியில் உலர்ந்து கிடக்கும். எனக்கு இப்போதெல்லாம் மரத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே குனிந்து தரையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

கருவேலங்காய் பாசிமணி கோத்தது மாதிரி. ஒரு விதைக்கும் அடுத்த விதைக்கும் நடுவே நூல் கட்டி இறுக்கியது போல ஒடுங்கியிருக்கும். மேலே சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு படிந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். நம் சீமையில் இப்படி மணி மணியாக ஒடுங்கிய காய் வேறு எந்த முள்மரத்திலும் நான் பார்த்ததில்லை.

சீமைக்கருவேலத்தின் காய் ஒரு சாண் வரை நீளும். சற்றுத் தட்டை, பழுத்தால் வைக்கோல் நிறம். விதைகளுக்கு நடுவே லேசாகப் பள்ளம் தெரியும், ஆனால் கருவேலம் அளவுக்கு இறுகாது. ஒடித்துப் பாருங்கள், உள்ளே பிசுபிசுப்பாக இனிப்புச் சதை இருக்கும். காய்ந்தாலும் தானாக வெடிக்காது. இந்த இனிப்புதான் அதன் தந்திரம். ஆடும் மாடும் விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியே வரும், வந்த இடத்தில் எருவோடு முளைக்கும். ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் அடுத்த மழைக்குச் சீமைக்கருவேலக் கன்று ஏன் முளைக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். கிடை போடுவதில் தப்பு இல்லை, அதற்கு முன் ஆடு எங்கே மேய்ந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உடங்காய் சுருண்டிருக்கும். உருண்டு பருத்த காய், வளைந்து பாதி வளையமாகவோ முழு வளையமாகவோ கிடக்கும். ஆட்டுக்கு இது பலகாரம். ஆடு மேய்ப்பவர்கள் துரட்டியால் கிளையை உலுக்கினால் ஆடுகள் மரத்தடியில் முண்டியடிப்பதைப் பார்க்க வேண்டும். தோட்டத்து ஓரம் உடை நிற்கிறது என்றால் கோடையில் பக்கத்து வீட்டு ஆடெல்லாம் உங்கள் விருந்தாளிதான்.

வெள்வேலின் காய் மெலிந்த தட்டைக் காய். பழுப்பு நிறம், அரிவாள் போல லேசான வளைவு. இதில் குழப்பம் வராது.

இலை: பூவும் காயும் இல்லாதபோது

இலையில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். எல்லாமே பொடி இலை, எல்லாமே இறகு மாதிரி. ஆனால் எண்ணத் தெரிந்தால் போதும்.

ஒரு முழு இலை எது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கணுவிலிருந்து கிளம்பும் காம்பு, அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும் சிறகுகள், ஒவ்வொரு சிறகிலும் வரிசையாக ஒட்டிய பொடி இலைகள், இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு இலை. நாம் இலை என்று நினைக்கும் பொடி, அதன் கடைசி உறுப்பு மட்டும்தான்.

இப்போது ஒரு முழு இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துச் சிறகுகளை எண்ணுங்கள். ஒரு ஜோடி அல்லது இரண்டு ஜோடிச் சிறகுதான் இருக்கிறது, அபூர்வமாக மூன்று, பொடி இலை ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கிறது என்றால் அது சீமைக்கருவேலம். மூன்று முதல் ஆறு ஜோடி, சில சமயம் அதற்கு மேலும், பொடி இலை அரை சென்டிமீட்டர் அளவு என்றால் கருவேலம். அதைவிட அதிகச் சிறகு, பத்துப் பன்னிரண்டு ஜோடி வரை போகிறது என்றால் வெள்வேல். மொத்த இலையே உங்கள் விரலின் ஒரு கணு அளவுதான், பொடி இலைகள் ரவை மாதிரி இருக்கின்றன என்றால் உடை.

ஒரு இலையை மட்டும் எண்ணி முடிவு கட்டாதீர்கள். ஐந்து இலை பாருங்கள், வேறு வேறு கிளையிலிருந்து. கன்றுகளில் இந்தக் கணக்கு அவ்வளவு சரியாக வராது. இளம் செடியில் எல்லா மரத்துக்குமே சிறகு குறைவாக இருக்கும். அங்கே எண்ணிக்கையைவிடப் பொடி இலையின் நீளத்தை நம்புங்கள்.

இன்னொரு கோடைக்காலக் குறிப்பு. சித்திரை வெயிலில் காடே காய்ந்து கிடக்கும்போது பச்சையாகத் தழைத்து நிற்பது சீமைக்கருவேலம்தான். ஆழமாக வேர் விடும் மரம். அதன் இலையை ஆடு மாடும் தொடுவதில்லை, காயை மட்டும்தான் தின்னும். மேய்ச்சல் நிலத்தில் கடிபடாமல் தழைத்து நிற்பதைப் பார்த்தாலே சந்தேகப்படலாம்.

பட்டையும் முள்ளும்

இவற்றைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் தப்பு செய்ததே முள்ளைப் பார்த்துத்தான்.

கருவேல முள் வெள்ளை, நேரானது, ஊசி மாதிரி ஜோடி ஜோடியாக நிற்கும். இளமரத்தில் விரல் நீளம்கூட இருக்கும், முதிர்ந்த மரத்தில் குறைந்துபோகும். சீமைக்கருவேல முள் பழுப்போ பச்சையோ, அடி தடித்தது, ஜோடியாகவும் வரும் தனியாகவும் வரும். உடையில் ஒரு வேடிக்கை: நீளமான நேர் வெள்ளை முள்ளும் குட்டையான வளைந்த முள்ளும் ஒரே கிளையில் இருக்கும். நேர் முள்ளிலிருந்து தப்பிக்கக் கையை இழுத்தால் வளைந்தது சட்டையைப் பிடித்துக்கொள்ளும். ஊர்க்காரர்கள் வேலி அடைக்க உடங்கிளையைத் தேடியது சும்மா இல்லை.

பட்டையில் கருவேலமும் வெள்வேலும் மட்டும் தெளிவாகப் பிரியும். ஒன்று கறுத்து, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும், வெடிப்பில் பிசின் கசிந்து உறைந்திருப்பதும் உண்டு. இன்னொன்று வெளுத்திருக்கும். அந்த வெளுத்த பட்டைக்கு ஒரு பழைய பெயர், சாராயப் பட்டை. சாராயம் காய்ச்சும் ஊறலில் போடுவார்கள். பட்டைச் சாராயம் என்ற சொல் வந்த வழி தெரிந்தால் வெள்வேலை மறக்க மாட்டீர்கள்.

"ஒரு கிளையை வெட்டி உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. கருவேலத்தின் வைரமும் (உள்ளே இருக்கும் கெட்டிக் கட்டை) பழுப்புச் சிவப்பு, சீமைக்கருவேலத்தின் வைரமும் பழுப்புச் சிவப்பு. தவிர, வெட்டிய பிறகு தெரிந்து என்ன செய்ய?

வன்னி என்ற பொறி

திரிப்பூ பார்த்தீர்கள், இலையில் சிறகு ஒன்றிரண்டு ஜோடிதான், காய் நீளம், உள்ளே இனிப்புச் சதை. எல்லாம் பொருந்துகிறது, சீமைக்கருவேலம்தான் என்று முடிவு செய்யப் போகிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். வன்னிக்கும் இதே அடையாளம்தான்.

வித்தியாசம் முள்ளில் இருக்கிறது. வேறு எந்த மரத்துக்கும் முள்ளை நம்பாதீர்கள் என்ற நான், வன்னிக்கு மட்டும் முள்ளைத்தான் பார்க்கச் சொல்வேன். சீமைக்கருவேலத்தின் முள் இலை கிளம்பும் கணுவில் வரும். வன்னியின் முள் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே, தண்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். அடி அகலமாக, நுனி கூராக, சின்னக் கூம்பு மாதிரி இருக்கும். ரோஜாச் செடியின் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். காயும் வேறு: சீமைக்கருவேலத்தின் காய் தட்டை, வன்னியின் காய் மெலிந்து உருண்டு, சரம் சரமாகத் தொங்கும். வன்னியின் இலை சற்றுச் சாம்பல் பூத்த பச்சை.

கோயில் நந்தவனத்தில் நின்றால் யாரும் தொட மாட்டார்கள். விஜயதசமிக்கு அம்பு போடுவதற்கு வன்னிக் கிளையைத் தேடும் ஊர்களில் மரியாதை இருக்கிறது. ஆனால் கோயிலுக்கு வெளியே, புறம்போக்கில் கேட்பாரற்று நிற்கும் வன்னிதான் ஆபத்தில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஊரில் வயதான ஒருவரைக் கூட்டி வந்து காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எங்கே போய்ப் பழகுவது

கருவேலத்தைப் பழக நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் நல்ல இடம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் பிறகு சேர்ந்தது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலும்கூடக் கூடு வைக்கும். தை மாதம் முதல் கோடை வரை போகலாம். கூட்டு மரத்தின் அடியில் போகாதீர்கள், தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள். குளத்துக்கு ஏன் கருவேலம் வேண்டும் என்று அங்கே யாரும் உங்களுக்கு விளக்கத் தேவைப்படாது.

உடைக்குத் தேரிக்காடு. இல்லையென்றால் தூத்துக்குடி போகும் வழியில் வல்லநாட்டு மலை, வெளிமான் சரணாலயம் இருக்கும் இடம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே குடை வடிவத்தைப் பிடித்துவிடலாம்.

சீமைக்கருவேலத்துக்கு நான் வழி சொல்ல வேண்டுமா? வீட்டை விட்டு இறங்கினால் போதும்.

ஒரு நாளில் எல்லாவற்றையும் கற்றுவிட முயலாதீர்கள். முதல் நாள் திரி, உருண்டை இரண்டை மட்டும் பிரித்துப் பழகுங்கள். ஒவ்வொரு மரத்திலும் பூ, காய், முழு இலை மூன்றையும் நாணயத்தோடு வைத்துத் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மரம் முழுவதையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்பி "இது என்ன மரம்?" என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது.

வெட்டுவது என்று முடிவான பிறகு

சீமைக்கருவேலத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் கதைகளை நம்பி ஆவேசப்பட வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும், கட்டிய மாடு மலடாகிவிடும் என்றெல்லாம் ஒரு மரத்தை மந்திரவாதி ஆக்கிவைத்திருக்கிறார்கள். அது செய்யும் கெடுதல் அதில்லை. அடர்ந்து நின்று, கீழே வேறு எதையும் வளரவிடாது. குளத்துக்குள் பரவி நீர் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டும் போதும் குறை சொல்ல. அதே மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடி, விருதுநகர் பக்கமும் நிறைய உண்டு. அதனால் வெட்டுவதற்கு முன் அந்த ஊர் மூட்டக்காரரிடம் பேசுங்கள். கம்புக்கு விலை கிடைக்கும், கூலிச் செலவும் குறையும்.

குளமும் புறம்போக்கும் அரசு நிலம். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்காமல், நீர்வளத் துறையின் அனுமதி வாங்காமல் உள்ளே ஜேசிபி இறக்காதீர்கள். சொந்த நிலமானாலும், வண்டி வருவதற்கு முந்தின நாளே ஒருமுறை நடந்து, விட வேண்டிய மரங்களில் கண் உயரத்தில் சுண்ணாம்பால் வளையம் போடுங்கள். வெட்ட வேண்டியதில் அல்ல, விட வேண்டியதில்தான் போட வேண்டும். வெட்ட வேண்டியதில் அடையாளம் போட்டால், ஒன்றை விட்டுவிட்டால் பரவாயில்லை, பிறகு வெட்டலாம். ஆனால் ஓட்டுநர் அவசரத்தில் அடையாளம் இல்லாததையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். வெள்ளை வளையம் கண்ணில் பட்டால் எந்த ஓட்டுநரும் நிறுத்திக் கேட்பார். கூடு இருக்கும் மரத்தை, அது சீமைக்கருவேலமே ஆனாலும், குஞ்சு பறக்கும் வரை விட்டுவைப்பது என் பழக்கம்.

தரையோடு வெட்டி விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த மழைக்கு ஒரு தூருக்கு ஏழெட்டுக் கம்பு கிளம்பும், முன்பைவிட அடர்த்தியாக. தளிர் விடும் பகுதி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஒரு முழ ஆழம் தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். கன்றுகளுக்கு இந்தப் பாடு இல்லை, மழை பெய்து மண் இளகியதும் கையால் இழுத்தால் வேரோடு வரும். உறை போட்டுக்கொண்டு இழுங்கள்.

விதை மண்ணில் கிடக்கும் என்பதால் ஒரு வருஷத்தில் முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குளத்து ஓரம் கால் புதையாத அளவு காய்ந்ததும், மார்கழி கடைசியிலோ தையிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். நாங்கள் இப்போது வருஷா வருஷம் போகிறோம். போன முறை புதிதாக வந்த ஒரு தம்பி முழங்கால் உயரக் கன்று ஒன்றைப் பிடித்து இழுக்கப் போனான். ஆச்சி ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார். பொடி இலையைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்து, "எவ்வளவு நீளம் இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார். அரை சென்டிமீட்டர்கூட இல்லை. எங்கள் கொக்கு மரம் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி அது நிற்கிறது. சுற்றி உடமுள் அடைத்து வைத்திருக்கிறோம்.